சுவரில் ஒட்டிய 1929

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

வகுப்பறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். அதில் பெரிய எழுத்தில் 1929 என்றும், கீழே சிறிய எழுத்தில் நான்கு வரிகளும் இருந்தன. தரம் 8 பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், 1929ஆம் ஆண்டு என்ன நடந்தது?" என்று கேட்டது. நடந்துகொண்டிருந்தது வரலாற்றுப் பாடம், ஆகவே பிள்ளையில் பிழையில்லை. அது ஆண்டல்ல, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவசத் தொலைபேசி இலக்கம் என்று சொல்லி உட்கார வைத்தோம்.

அடுத்த கிழமை இரண்டு பெற்றோர் வந்தார்கள். "சேர், உதைக் கழட்டிவிடுங்கோ. வெளியாக்கள் பார்த்தால் இஞ்ச ஏதோ நடந்திருக்கு எண்டெல்லோ நினைப்பினம். ஊருக்குத்தான் கெட்ட பெயர்." இருவருமே நல்ல மனிதர்கள். பாடசாலைச் சிரமதானத்துக்கு முதலில் மண்வெட்டியோடு வருகிறவர்கள். அவர்களோடு வாதாட மனம் வரவில்லை. ஆனால் தாளைக் கழற்றவும் இல்லை. அந்த இலக்கம் சுவருக்கு வந்து சேர எத்தனை காலம் எடுத்தது, யார் யார் பேச்சு வாங்கினார்கள் என்பதை எழுதி வைப்போம் என்று நினைத்தோம். பிள்ளை கேட்ட கேள்விக்கும் அதுதான் சரியான பதில்.

பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து காப்பாற்ற ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணமே உலகத்தில் மிகப் பிந்தி வந்தது. அமெரிக்காவில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1866இல் தொடங்கியது. சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் ஒன்று வர அதற்குப் பிறகும் எட்டு ஒன்பது வருடங்கள் சென்றன. 1874இல் நியூயோர்க்கில் மேரி எலன் என்ற சிறுமியை வளர்ப்புத்தாய் அடித்துப் பூட்டி வைத்திருந்தாள். ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வரும் எற்றா வீலர் என்ற தொண்டுப் பெண்ணுக்கு அது தெரியவந்தது. அவர் பல கதவுகளைத் தட்டினார். கடைசியில் கதவைத் திறந்தவர் ஹென்றி பேர்க். மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. வழக்கு வென்றது, வளர்ப்புத்தாய் சிறைக்குப் போனாள். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் உருவானது. 1883இல் லிவர்பூலிலும் 1884இல் லண்டனிலும் அதே மாதிரிச் சங்கங்கள் வந்தன. 1889இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் போட்டது. குதிரைக்கு அடித்தால் கேட்க ஆளிருந்தது, பிள்ளைக்கு அடித்தால் அது வீட்டு விடயம். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு பெண்பிள்ளை பாலுறவுக்குச் 'சம்மதம்' தெரிவிக்கக்கூடிய வயது 1995 வரை 12 ஆகவே இருந்தது. தரம் 7இல் இருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்து 47 வருடங்கள் அதை யாரும் மாற்றவில்லை.

இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1939இல் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் வந்தது. 1941இல் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டம் வந்தது. இந்த இரண்டாவதில் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. தம் சொந்தப் பிள்ளையல்லாத பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர் தம்மைப் 'பாதுகாவலர்' என்று பதிவுசெய்ய வேண்டும் என்கிறது அது. ஏன் அப்படி ஒரு விதி? 'வளர்க்கிறோம்' என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வேலைக்காரராக வைத்திருந்த வழக்கம் அன்று வீட்டுக்கு வீடு இருந்தது.

அன்று மட்டும்தானா? யாழ்ப்பாணத்தில் வசதியான வீடுகளில் மலைநாட்டுப் பிள்ளைகள் பாத்திரம் கழுவியது எங்களில் நாற்பது ஐம்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் தெரியும். சைவ வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் அதில் இருக்கவில்லை. வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போகும், அதே வயதுப் பிள்ளை அதன் புத்தகப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அதைத் துஷ்பிரயோகம் என்று யாரும் சொல்லவில்லை. 'சாப்பாடு போட்டு வளர்க்கினம்' என்றுதான் சொன்னோம்.

அந்தக் கதை 2021 ஜூலை வரை வந்தது. டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலைக்கு இருந்தபோது எரிகாயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயே இறந்தாள். அந்த வீடு எங்கள் சமூகத்துத் தலைவர் ஒருவரின் வீடு. அன்று எங்களில் சிலர் முதலில் கேட்டது 'இதில் அரசியல் இருக்கா?' என்றுதான். அரசியல் இருக்கலாம், இல்லாமலும் விடலாம். ஒரு பிள்ளை ஏன் பாடசாலையில் இல்லாமல் அந்தச் சமையலறையில் இருந்தாள் என்பதை நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய திருத்தச் சட்டம் அதே 2021இல்தான் வந்தது.

மூதூர் ரிசானா நபீக்கையும் மறந்துவிட முடியாது. பிறந்த ஆண்டை மாற்றி எடுத்த கடவுச்சீட்டோடு 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவளுக்கு 17 வயது. 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேறியபோது நாடே அழுதது. அவளுடைய வயதைக் கூட்டி எழுதியது ஒரு தனி ஆளின் களவு மட்டுமல்ல. முகவர், தரகர், பத்திரம் கொடுத்தவர், பார்த்தும் பேசாமல் இருந்தவர் என்று அது ஒரு சங்கிலி.

இனி அந்த இலக்கத்தின் நேரடியான கதை.

1980களில் தெற்குக் கரையோரத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு கூட்டம் கடற்கரைப் பையன்களைத் தேடி வந்தது. பெற்றோருக்குப் படகு, பையனுக்குச் சைக்கிள், வீட்டுக்கு ஓடு என்று கொடுத்ததால் ஊர்களே வாயை மூடிக்கொண்டன. இதைப் பகிரங்கமாகப் பேச எடுத்த தொண்டு அமைப்புகளில் முக்கியமானது 1991இல் பத்திரிகையாளர் மோரீன் செனவிரத்ன தொடங்கிய 'பீஸ்' அமைப்பு. அதே வருடம் ஜூலை 12இல் இலங்கை, ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. மறுவருடம் சிறுவர் சாசனம் வந்தது. கையெழுத்து ஒன்று, சட்டம் வேறொன்று என்பதை எங்கள் நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கையெழுத்தைச் சட்டமாக்கச் சொல்லி நெருக்கியவர்கள் இப்படியான அமைப்புகளும், சில சட்டத்தரணிகளும், சில வைத்தியர்களும்தான்.

அந்த வைத்தியர்களில் ஒருவரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா, காலியில் பணியாற்றிய சிறுவர் நோய் நிபுணர். விழுந்து அடிபட்டது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் உடம்பில் விழுந்த காயத்துக்குப் பொருந்தாத தழும்புகளைப் பார்க்கத் தொடங்கியவர். அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்ற சிறுவர் வைத்தியர் 1962இல் 'அடிபட்ட பிள்ளை' பற்றிக் கட்டுரை எழுதியபோதுதான் மருத்துவ உலகமே அந்தத் தழும்புகளை வாசிக்கக் கற்றுக்கொண்டது. டி சில்வா அதை இங்கே செய்தார். 'இது மேற்கத்தைய நாட்டு வியாதி, எங்கள் பண்பாட்டில் இல்லை' என்ற பதிலை உடைக்க வேண்டியிருந்தது. இந்தப் பதில் கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

1995இல் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் வந்தது. சம்மத வயது 12இலிருந்து 16ஆனது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தல், பாலியல் ரீதியாகச் சுரண்டல், பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், முறைகேடான இரத்த உறவு ஆகியவை தனித்தனிக் குற்றங்களாயின. அதற்கு முன் ஆண்பிள்ளைக்கு நடந்த கொடுமைக்குச் சட்டத்தில் ஒழுங்கான பெயரே இருக்கவில்லை. 1996 கடைசியில் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. டி சில்வாதான் அதன் தலைவர். அதன் சிபாரிசில் 1998இல் 50ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1999இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை வேலை தொடங்கியது. அதற்கும் அவரே முதல் தலைவர். அதே 1999இல் இன்னொரு சட்டம், பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த வழிவிட்டது. நடந்ததைப் பிள்ளை பத்து இடத்தில் பத்துத் தரம் சொல்லித் திரும்பத் திரும்பச் சாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நடைமுறையில் அது எவ்வளவுக்குப் பயன்படுகிறது என்று கேட்டால் எங்களுக்கும் மனம் கசக்கும்.

இவ்வளவும் கொழும்பில் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் எங்கே இருந்தோம்?

1990 ஆகஸ்டில் மண்டைதீவுக்குள் படை வந்ததும், இளைஞர்கள் பிடிபட்டுக் காணாமல் போனதும் இந்த ஊரில் யாருக்கும் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டிய விடயமல்ல. கிணறுகளைப் பற்றிய கதை இன்றைக்கும் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிற்கிறது. அதே வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஓரிரு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ்ச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தது. திகதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அகதி முகாமில் ஒரு பிள்ளைக்கு நடப்பது எல்லா முகாமிலும் ஒன்றுதான். கதவில்லை, மறைவில்லை, தகப்பன் இல்லை அல்லது வேலையில்லை, பாடசாலை மரத்துக்குக் கீழே. புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்கும் வன்னியின் தறப்பாள் கூடாரத்துக்கும் இந்த விடயத்தில் வித்தியாசம் இல்லை.

ஆகவே சம்மத வயது 16 என்று சட்டம் வந்த வருடத்தில், அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆசிரியர்களே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கில் அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தாங்கியவை அரச அலுவலகங்களை விடத் தொண்டு நிறுவனங்கள்தான். தெல்லிப்பழையில் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மா நடத்திய துர்க்காபுரம் மகளிர் இல்லம் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு வீடாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' உளவளத்துணையை ஒரு தொழிலாகவே சொல்லிக்கொடுத்தது. மனதில் அடிபட்ட பிள்ளைக்கு நூல் கட்டுவதோடு இன்னொரு உதவியும் இருக்கிறது என்று எங்கள் சனத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எங்கள் வரலாற்றுப் பாடம் பொய்யாகிவிடும். டி சில்வாவும் இரண்டு பிரித்தானிய நிபுணர்களும் 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பு ஆயுதம் தூக்கிய 19 பிள்ளைகளோடு பேசி எழுதியது. பிள்ளையைப் போருக்குச் சேர்ப்பதும் சிறுவர் துஷ்பிரயோகமே என்பதுதான் அதன் வாதம். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தில் அது தண்டனைக்குரிய குற்றமானது. யார் சேர்த்தார்கள் என்று கருத்துப் பெட்டியில் சண்டை பிடிக்க வேண்டாம். சேர்க்கப்பட்ட பிள்ளை எங்களுடையது.

போர் முடிந்தது. தீவகத்தில் பயம் முடியவில்லை. 2012இல் நெடுந்தீவில் ஒரு சிறுமி வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்டாள். 2015 மே 13இல் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி வீடு திரும்பவில்லை. அவளுடைய பெயர் உலகத்துக்கே தெரியும். ஆனாலும் நாங்கள் எழுதுவதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரையும் படத்தையும் பகிர்ந்து 'நீதி வேண்டும்' என்று எழுதும் பழக்கம் எங்களிடம் அதிகம். அதை விட்டுவிடலாம்.

அன்று முதல் முறைப்பாட்டைப் பொலிஸார் அக்கறையோடு எடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. யாழ்ப்பாணம் கொந்தளித்தது, கடைகள் பூட்டப்பட்டன, நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல் விழுந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். பிரதான சந்தேகநபரைத் தப்பவிட உதவினார் என்று சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரே 2017இல் கைதானார். வழக்கை நீதிபதிகள் சசிமகேந்திரன், பிரேமசங்கர், இளஞ்செழியன் ஆகிய மூவர் கொண்ட தீர்ப்பாயம் விசாரித்தது. 2017 செப்டெம்பர் 27இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது.

தீர்ப்பு வந்த அன்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். எங்களுக்கு அந்த நாளில் தோன்றியதை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. கொலையாகி ஊர் எழுந்தால் தீர்ப்புக் கிடைக்கிறது. கொலையாகாமல் வீட்டுக்குள் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு யார் கடை பூட்டுவார்கள்? அப்படியான வழக்குகள் பத்து வருடம் இழுபடும். பிள்ளை கலியாணம் கட்டிய பிறகு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும். குறைந்தபட்சத் தண்டனை சட்டத்தில் இருந்தாலும், அது நீதிபதியின் கையைக் கட்டாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. சாட்சி சொல்ல வரும் தாய்க்கு ஊர்காவற்றுறைக்குப் பஸ் காசு யார் கொடுப்பது என்பது சட்டத்தில் இல்லை. இங்கேதான் தொண்டு தேவைப்படுகிறது. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் நினைத்தால் நாளைக்கே செய்யலாம்.

இப்போது எங்கள் சமூகத்தைப் பற்றி. மற்றவர் வீட்டைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போக முடியாது.

1995இல் நாட்டின் பொதுத் திருமணச் சட்டத்தில் வயது 18ஆனது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் ஆகக்குறைந்த வயது என்று ஒன்று இல்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பது மட்டும்தான். தண்டனைச் சட்டக்கோவையிலும் 12 வயதைக் கடந்த 'மனைவி' என்றால் விதிவிலக்கு இருக்கிறது. இதை மாற்றச் சொல்லி 1980களிலிருந்தே பேசியவர்கள் எங்கள் பெண்கள்தான். அவர்களுக்கு 'வெளிநாட்டுக் காசு வாங்குகிறவர்கள்' என்ற பெயர் கிடைத்தது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை வர 2018 ஆனது. பிறகும் இழுபடுகிறது. ஒன்பது வருடம் என்பது ஒரு பிள்ளை தரம் 1இலிருந்து தரம் 10க்கு வரும் காலம்.

மார்க்கம் தடுக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒன்று. எங்கள் நபி தகப்பனைக் காணாமல் பிறந்த அநாதை. சூரா நிஸாவின் தொடக்கத்திலேயே அநாதைகளின் சொத்தைத் தொடாதே என்ற கட்டளை வருகிறது. சொத்துக்கே இவ்வளவு கண்டிப்பு. ஓதப் போன இடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் 'ஹஸரத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது' என்று மூடுவது எந்தக் கிதாபில் இருக்கிறது? பாதிரியார், பூசகர், ஆசிரியர், மௌலவி, மாமா, பெரியப்பா, எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

ஆசிரியர் என்றதும் எங்களையும் சொல்ல வேண்டும். பாடசாலையில் அடிக்கக்கூடாது என்ற சுற்றறிக்கை 2005இல் வந்தது, 2016இல் திரும்பவும் வந்தது. 2005க்குப் பிறகும் எங்கள் மேசையில் பிரம்பு இருந்தது. பாடசாலை ஒன்றில் ஆசிரியரின் அறையில் ஒரு மாணவன் காது கேட்கும் சக்தியை இழந்த வழக்கில், ஆசிரியரும் அரசும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. எங்கள் கையால் அடி வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. பல வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், நன்றாகப் படித்த பிள்ளை ஒன்று திடீரென்று கொப்பி எழுதாமல் விட்டது. வகுப்பு முடிந்தாலும் வீட்டுக்குப் போகப் பஞ்சிப்படும். 'என்னம்மா?' என்று ஒருமுறை கேட்டோம். 'ஒண்டுமில்லை சேர்' என்றாள். அத்தோடு விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்துபோகும் ஒரு உறவினர்தான் காரணம் என்று இரண்டு வருடம் கழித்து வேறொருவர் மூலம் தெரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, கொஞ்சக் காசு வாங்கிக் கொடுத்து, 'இணக்கமாக' முடித்திருந்தார்கள். பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். அந்த ஆள் இன்றைக்கும் கலியாண வீட்டில் முன்வரிசையில் இருப்பார். யாருடைய மானம் காப்பாற்றப்பட்டது என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தத் தாள் சுவரில் இருப்பது அதனால்தான்.

அதில் உள்ள நான்கு வரிகளையும் இங்கே விளக்குகிறோம். 1929க்கு 24 மணித்தியாலமும், தமிழிலும் பேசலாம், காசு இல்லை. பெயர் சொல்லாமலும் சொல்லலாம். வேலணைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பைத் தோய்த்துவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரி அங்கே இருக்கிறார், 'நட்பு நிலையம்' என்றும் ஒரு இடம் இருக்கிறது. மத்தியஸ்த சபையிலோ பள்ளி நிர்வாகத்திலோ கோயில் மண்டபத்திலோ பேசித் தீர்க்கும் விடயமல்ல இது. குற்றம் செய்தவனுக்கே கட்டிவைப்பதும் தீர்வல்ல. பிள்ளை சொல்லும்போது 'ஏன் முதலே சொல்லேல்லை?' என்று கேட்காதீர்கள். சொன்னது நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து உத்தியோகத்தர் வருவார். தாளைக் கழற்றச் சொன்ன இரண்டு பேரையும் நேரில் போய் அழைத்திருக்கிறோம். வருகிறோம் என்றார்கள். இந்தமுறை தாய்மாரை மட்டும் அனுப்பிவிட்டுத் தகப்பன்மார் சந்தியில் நிற்க வேண்டாம். கதிரை போதாது, வாங்கு போட்டு வைப்போம்.